நொசிலின் வாசலில்: கலப்பு எரிபொருளும் அவதி கடந்த நிலையும்

(தொண்டைமானாற்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொண்டைமானாறு என்றதும் பக்தர்களுக்குச் செல்வச்சந்நிதி நினைவுக்கு வரும். வடமாகாணத்தில் உயர்தர விஞ்ஞானம் படித்தவர்களுக்கு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள் நினைவுக்கு வரும். அந்தத் தாளை எழுதிவிட்டு வெளியே வந்து விடையை ஒப்பிட்டு முகம் வாடிய பிள்ளைகள் எத்தனை தலைமுறை! பௌதிகத்துக்குப் பெயர் எடுத்த ஊரில் பௌதிகம் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இன்றைய பொருள் டீசல் எஞ்சின். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த எஞ்சினுக்குள் எண்ணெய் நுழைகிற ஒரே ஒரு வாசல். அதை நாங்கள் நொசில் என்கிறோம். அந்த வாசலுக்குக் கலப்பு எண்ணெய் வந்தால் என்ன நடக்கிறது? அந்த எண்ணெயைத் திரவம் என்றும் சொல்ல முடியாத, ஆவி என்றும் சொல்ல முடியாத ஒரு நிலைக்குக் கொண்டுபோய் உள்ளே விட்டால் என்ன நடக்கும்? முதல் கேள்விக்கு இந்த மண்ணில் ஒரு தலைமுறை கையாலேயே விடை தேடியது. இரண்டாவது கேள்விக்கு உலகத்தின் ஆய்வுகூடங்கள் இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு தேடலையும் ஒரே மேடையில் வைத்துப் பார்க்கத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் அந்த வாசலுக்குள் எட்டிப் பார்ப்போம்.

பெற்றோல் எஞ்சினில் பிளக் இருக்கிறது, பொறி தட்டுகிறது. டீசல் எஞ்சினில் அது இல்லை. காற்றை மட்டும் இழுத்து, பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நெருக்குகிறது. நெருக்கிய காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தக் கொதிக்கிற காற்றுக்குள் எண்ணெயை விசிறினால் அது தானாகப் பற்றுகிறது. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் நேரத்தைக் கணித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் எஞ்சினில் சுழல்தண்டு ஒரு செக்கனில் 9,000 பாகை திரும்புகிறது. எண்ணெய் விசிறுவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ இருபது பாகை. அதாவது ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு! அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைந்த நேரத்தில் எண்ணெய் நூலாக வரவேண்டும், நூல் துளியாக உடையவேண்டும், துளி சூடேறி ஆவியாகவேண்டும், ஆவி காற்றோடு கலக்கவேண்டும், பிறகு பற்றவேண்டும்.

இதில் எது பிந்தினாலும் எஞ்சின் சொல்லிவிடும். பற்றுவது பிந்தினால் சேர்ந்துகிடந்த எண்ணெய் முழுவதும் ஒரே அடியாக வெடித்து, சிலிண்டர் "டொக் டொக்" என்று தட்டும். கலப்பது பிந்தினால் காற்றுக் கிடைக்காத எண்ணெய் கரியாகி, புகைக்குழாயில் கறுப்பாக வரும். கோளாறு எங்கே தெரிந்தாலும், அதன் வேர் பெரும்பாலும் அந்தச் சின்னத் துளியில் இருக்கிறது.

இப்பொழுது 1990க்கு வருவோம்.

அந்த ஆண்டு யூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டது. பாதை அடைபட்டது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை, சவர்க்காரம் இல்லை. துணி தோய்க்கப் பனம்பழம் எடுத்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்த காலம் அது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருவில் வாகனம் ஓடியதா? ஓடியது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஓடியது, மொறிஸ் மைனர் ஓடியது, லொறி ஓடியது, லாண்ட்மாஸ்ரர் ஓடியது, நோயாளியை ஏற்றிக்கொண்டு வான் ஓடியது. எதில் ஓடின?

பெற்றோல் கார்களின் கதை உங்களுக்குத் தெரியும். சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பழைய கார்களின் நெருக்கல் விகிதம் குறைவு. அதனால் அந்த வித்தை பலித்தது. அந்தக் கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். குறைவாக எழுதப்பட்டது டீசல் எஞ்சினின் கதை. என் பார்வையில் விஞ்ஞானம் கூடுதலாகப் புதைந்து கிடப்பதும் அதற்குள்தான்.

டீசல் எஞ்சினுக்கு வெறும் மண்ணெண்ணெயை ஊற்றினால் ஓடும். ஆனால் பம் போய்விடும். டீசல் பம்முக்குள் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்கு வேறு கிறீஸ் இல்லை, வேறு எண்ணெய் இல்லை. ஓடுகிற டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெய் மெல்லியது, வழுக்கல் இல்லாதது. உலோகம் உலோகத்தோடு உரசும். சரி, வெறும் தேங்காயெண்ணெயை ஊற்றினால்? வழுக்கல் தாராளம். ஆனால் தடிப்பு. காலைக் குளிரில், 24 பாகைக்குக் கீழே வந்தால் உறைந்தே போகும். பில்ரர் அடைபடும். நொசிலில் விசிறலுக்குப் பதிலாக நூல் வரும்.

ஒன்று மெலிந்தது, ஒன்று தடித்தது. இரண்டையும் கலந்தார்கள் எங்கள் மெக்கானிக்மார்.

வல்வெட்டித்துறை வீதியோரத்தில் ஒரு கராஜில் இந்தக் கலவையைச் சோதிப்பதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். மெக்கானிக் நொசிலைக் கழற்றி, கைப்பிடி உள்ள சோதனைப் பம்மில் பூட்டுவார். நிலத்தில் ஒரு பழைய கடதாசி. கைப்பிடியை மெல்ல அழுத்துவார். நல்ல நொசிலும் நல்ல எண்ணெயும் சேர்ந்தால் "கிர்" என்று ஒரு சத்தம் வரும், கடதாசியில் பனி படிந்ததுபோல வட்டம் விழும். எண்ணெய் தடிப்பாக இருந்தால் சத்தம் வராது, கடதாசியின் நடுவே ஒரு கறை மட்டும் விழும். எண்ணெய் மெலிவாக இருந்தால் விசிறல் அழகாக வரும், ஆனால் கைப்பிடியை விட்ட பிறகும் நுனியில் ஒரு சொட்டுத் தொங்கும். "சொட்டுத் தொங்கினால் நுனி கரி பிடிக்கும் தம்பி" என்பார். பிறகு போத்தலைத் தூக்கி இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுவார். மீண்டும் அழுத்துவார். மீண்டும் கடதாசியைப் பார்ப்பார்.

இது என்ன? இதுதான் ஆய்வு. கருதுகோள் இருக்கிறது, மாறி இருக்கிறது, அவதானம் இருக்கிறது. அங்கே இல்லாதது ஒன்று மட்டும்: குறிப்புப் புத்தகம்.

அவர் கை செய்ததை எண்ணில் எழுதிப் பார்ப்போமா? மாணவர்களே, கவனியுங்கள். 40 பாகையில் தேங்காயெண்ணெயின் இயக்கப் பிசுக்குமை ஏறத்தாழ 27 சதுர மில்லிமீற்றர் செக்கனுக்கு. மண்ணெண்ணெய்க்கு அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில், 1.3 என்று வைத்துக்கொள்வோம். வாகன டீசலுக்கு ஐரோப்பிய நியமம் கேட்பது 2 முதல் 4.5 வரை. கலவையின் பிசுக்குமை நேர்கோட்டில் கூடாது. அதன் மடக்கைதான் ஏறத்தாழ நேர்கோட்டில் கூடும். மடக்கையை எடுத்துக் கணித்தால், 3 என்ற பெறுமானம் எங்கே வருகிறது தெரியுமா? ஏறத்தாழ மூன்று பங்கு மண்ணெண்ணெய்க்கு ஒரு பங்கு தேங்காயெண்ணெயில்! ஏழில் ஒரு பங்கு தேங்காயெண்ணெயிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை எங்கே நின்றாலும் நியமத்துக்குள் நிற்கலாம். இந்த வாய்க்கால் இவ்வளவு அகலமாக இருந்தபடியால்தான் மடக்கை வாய்ப்பாடு இல்லாமல், கடதாசியும் காதும் கொண்டு ஒரு மனிதர் அதற்குள் போய்ச் சேர முடிந்தது.

நாங்கள் மட்டும்தானா இப்படிச் செய்தோம்? இல்லை. அதே ஆண்டுகளில், பசிபிக் கடலில் பப்புவா நியூகினியைச் சேர்ந்த போகன்வில் தீவும் முற்றுகைக்குள் இருந்தது. அங்கும் டீசல் இல்லை. அங்கும் தேங்காய் இருந்தது. அந்த மக்களும் தேங்காயெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். அவர்களைப் பற்றி ஆவணப்படம் வந்தது, உலகம் பார்த்தது. பிலிப்பைன்ஸ் நாடு 2006 இன் சட்டத்தின் மூலம் டீசலில் உயிரி டீசலைக் கலக்கவேண்டும் என்றது; அங்கு அது தேங்காயெண்ணெய் எஸ்ரர். இன்னும் பின்னே போங்கள். 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ருடோல்ப் டீசல் தன் முதல் வெற்றிகரமான எஞ்சினை ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் ஓட்டியது 1897 இல். அதாவது எஞ்சினுக்கு மூன்று வயதாகும்போதே தாவர எண்ணெய் அதற்குள் போய்விட்டது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? தேங்காயெண்ணெயைக் கலந்து எல்லோரும் ஓடலாமா?

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன். 2022 இன் பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். யூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபா. ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய படகுகள் பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் கரையில் கிடந்தன. அப்பொழுது பல இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள்: "அந்தக் காலத்தில் செய்ததை இப்பொழுது செய்தால் என்ன?" நான் வேண்டாம் என்றேன். ஏன்?

தொண்ணூறுகளில் ஓடியவை பழைய பம் எஞ்சின்கள். அவற்றில் நொசில் திறக்கும் அமுக்கம் 120 பார், 200 பார். இன்று தெருவில் ஓடும் கொமன் றெயில் எஞ்சினில் 1,600 பார், 2,000 பார். நொசிலின் துளை ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. ஒரே அடிப்பில் மூன்று நான்கு தடவை திறந்து மூடுகிறது, கணினி சொல்லும் நேரத்துக்கு. அன்றைய எஞ்சின் பிழையை மன்னித்தது. இன்றைய எஞ்சின் மன்னிக்காது. ஆகவே அன்றைய கைவித்தையை அப்படியே திருப்பிச் செய்ய முடியாது. அதன் அடுத்த படிக்குப் போகவேண்டும். அடுத்த படி எது? பிசுக்குமையைச் சரிசெய்வது முதற்படி. துளியையே இல்லாமல் செய்வது அடுத்த படி.

துளியே இல்லாத விசிறல்! கேட்க விசித்திரமாக இருக்கிறது. ஆனால் இதற்கு அடித்தளம் இட்டு இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

1822 இல் சாள்ஸ் கஞ்ஞார் டி லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு துப்பாக்கிக் குழாயை எடுத்தார். அதற்குள் மதுசாரத்தை விட்டார். ஒரு சிறு கல்லுருண்டையையும் போட்டு, இரு முனையையும் இறுக மூடிச் சூடாக்கினார். குழாயை அங்கும் இங்கும் சரித்து உருண்டை உருளும் சத்தத்தைக் கேட்டார். திரவத்துக்குள் உருளும்போது ஒரு சத்தம், திரவத்தைக் கிழித்துக்கொண்டு ஆவிக்குள் போகும்போது இன்னொரு சத்தம். சூடு ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் சத்தத்தின் அந்த மாற்றம் நின்றுவிட்டது. கடக்க ஓர் எல்லையே உள்ளே இல்லை! பிறகு கண்ணாடிக் குழாயில் செய்து கண்ணாலும் கண்டார். 1869 இல் பெல்பாஸ்ற்றில் தோமஸ் அன்ட்றூஸ் காபனீரொட்சைட்டில் இதை நுணுக்கமாக அளந்தார். அவதி வெப்பநிலை, அவதி அமுக்கம் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் வருவது அவருடைய அந்த வேலையிலிருந்துதான்.

இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போகவேண்டாம். எங்கள் தொண்டைமானாற்று நீரேரியின் கதவணையை நினையுங்கள். ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நீரேரி. அணையின் மேல் நின்றால் இது இது, அது அது என்று திட்டமாகச் சொல்லலாம். ஆனால் அணை முடிவில்லாமல் நீளுமா? ஓர் இடத்தில் அது முடியவேண்டும். முடிந்த இடத்துக்கு அப்பால் சுற்றி நடந்தால் எந்த எல்லையையும் தாண்டாமலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். திரவத்துக்கும் ஆவிக்கும் இடையில் பௌதிகம் போட்டிருக்கும் அணையும் அப்படித்தான். அது முடிகிற புள்ளி அவதிப் புள்ளி. அதற்கு அப்பால் உள்ளது அவதி கடந்த நிலை.

அந்த நிலையில் எண்ணெய்க்கு என்ன ஆகிறது? அடர்த்தி ஏறத்தாழத் திரவத்தினது. ஆகவே சின்னத் துளையால் வேண்டிய அளவு எண்ணெய் போகும். பிசுக்குமையும் பரவலும் ஆவியினதை அண்டியவை. ஆகவே காற்றோடு சட்டென்று கலக்கும். பரப்பிழுவை? அது பூச்சியம். பரப்பிழுவை இல்லையென்றால் துளி திரளாது. துளி இல்லையென்றால் துளியைச் சுற்றிக் கரி கட்டும் அந்த வேக்காடும் இல்லை.

எண்களைக் கொஞ்சம் கேளுங்கள். டீசலில் உள்ள எட்சாடேக்கேன் என்ற ஐதரோகாபனின் அவதி வெப்பநிலை 449 பாகை, அவதி அமுக்கம் 14 பார். மண்ணெண்ணெயில் உள்ள டொடேக்கேனுக்கு 385 பாகை, 18 பார். எதனோலுக்கு 241 பாகை, 61 பார். இந்த அமுக்கங்களைப் பாருங்கள்! டீசல் பம்முக்கு 61 பார் ஒரு பொருட்டா? அமுக்கம் ஏற்கனவே எங்கள் கையில் இருக்கிறது. இல்லாதது வெப்பம் ஒன்றுதான்.

அந்த வெப்பம் எங்கே இருக்கிறது? புகைக்குழாயில் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. கழிவுப் புகையின் சூட்டை எண்ணெய்க்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் புதிதல்ல. 1949 இல் வந்த பேர்குசன் உழவு இயந்திரத்தின் மண்ணெண்ணெய் வகையே அந்தச் சூட்டைப் பயன்படுத்தி எண்ணெயை ஆவியாக்கித்தான் ஓடியது. அதை நானூறு பாகைக்கு மேலே கொண்டுபோவதுதான் புதிது. அமெரிக்காவின் சிறக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் தவ்லரிடஸ், அனிதெஸ்கு ஆகியோரின் குழு இதில் பல ஆண்டுகள் உழைத்தது.

அவர்களுக்கு வந்த முதல் தடை எது தெரியுமா? கராஜில் எல்லோருக்கும் தெரிந்த அதே தடை: கரி. எண்ணெயை மூடிய குழாயில் சூடாக்கினால் அது எரிவதில்லை, சிதைகிறது. சிதைந்தது சுவரில் கரியாகப் படியும். மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குத் துளைக்கு அந்தக் கரியில் ஒரு படலம் போதும். இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. எண்ணெயைத் தனியே சூடாக்காமல், அதோடு காபனீரொட்சைட்டையோ எஞ்சினின் கழிவு வாயுவையோ கலந்து சூடாக்கினார்கள். காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை 31 பாகைதான். அதைக் கலந்தால் கலவையின் அவதி வெப்பநிலை கீழே இறங்கும், எண்ணெய் ஐதாகும், கரி குறையும். பதிலுக்கு அவதி அமுக்கம் நூற்றுக்கணக்கான பாருக்கு ஏறும். ஏறட்டுமே! பம் ஆயிரம் பாரில் அல்லவா நிற்கிறது?

கலப்பு எரிபொருள் என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் ஒரு புது அர்த்தம் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். எங்கள் கராஜில் கலந்தது டீசல் இல்லாத குறையை நிரப்ப. இங்கே கலப்பது எண்ணெயின் அவதிப் புள்ளியையே நகர்த்த.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். இன்றைய சாதாரண டீசல் எஞ்சினிலேயே விசிறிய எண்ணெய் அவதி கடந்து போகிறதா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. ஏனென்றால் நெருக்கிய காற்று ஏற்கனவே அந்த எண்ணெயின் அவதி வெப்பநிலையையும் அமுக்கத்தையும் தாண்டித்தான் இருக்கிறது. அமெரிக்காவின் சண்டியா ஆய்வுகூடத்தினர் கணித்துச் சொன்னார்கள், ஆம், துளியின் பரப்பே கரைந்துபோக முடியும் என்று. பிரித்தானியாவின் பிறைற்றன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குறுவா, சண்டியாவின் மனின், பிக்கற் ஆகியோரோடு சேர்ந்து, அதிவேக நுணுக்குக்காட்டிப் படத்தில் அதைப் பார்த்து 2017 இல் எழுதினார். அவர்கள் கண்டது என்ன? துளிகள் முதலில் துளிகளாகத்தான் வருகின்றன, உருண்டு திரள்கின்றன, பிறகு சூடும் அமுக்கமும் போதிய அளவு இருந்தால், பரப்பிழுவை தேய்ந்து, உருவம் குலைந்து, காற்றோடு ஒன்றாகிவிடுகின்றன. அதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் துளியின் பருமனையும் எண்ணெயின் வகையையும் பொறுத்தது. ஆகவே எண்ணெயை முன்கூட்டியே சூடாக்கி வாசலுக்குக் கொண்டுவந்தால், அந்த ஆயிரத்தில் இரண்டு பங்குச் செக்கனில் கணிசமான பகுதி மிச்சம்.

இந்த முறை இன்னும் தெருவில் ஓடும் டீசல் வாகனங்களுக்கு வந்து சேரவில்லை. கரி ஒரு காரணம். பாதுகாப்பு இன்னொரு காரணம். கராஜிலிருந்து வந்திருப்பவர்களுக்கு மிகவும் அழுத்திச் சொல்கிறேன்: டீசல் 250 பாகைக்குக் கிட்டவே காற்றுப் பட்டால் தானாகப் பற்றும். நானூறு பாகையில், நூறு பாரில் இருக்கும் குழாயில் ஊசித் துளை விழுந்தால், அது எண்ணெய் ஒழுக்கு அல்ல, தீப்பந்தம். இதைக் கராஜில் செய்து பார்க்கக் கூடாது. முறையான ஆய்வுகூடம் வேண்டும், அமுக்க வால்வு வேண்டும், சுவர் வேண்டும்.

எங்கள் தேங்காயெண்ணெய் இந்த வேலைக்கு எப்படி? எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். சூட்டில் பிசினாகித் திரளுவது பெரும்பாலும் நிரம்பாத கொழுப்பமிலம். சூரியகாந்தி எண்ணெயில் அது அதிகம். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பமிலம். அதில் ஏறத்தாழப் பாதி லோரிக்கமிலம், நடுத்தரச் சங்கிலி. அதை எஸ்ரராக மாற்றிவிட்டால் தடிப்பும் போய்விடும். எஸ்ரராக மாற்றுவதற்கும் அவதி கடந்த நிலையே கைகொடுக்கும். 2001 இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சகா, குஸ்டியானா இருவரும் கடுகின எண்ணெயை 350 பாகையில், அவதி கடந்த மெதனோலில் வைத்து, ஊக்கி எதுவுமின்றி நான்கே நிமிடத்தில் எஸ்ரராக்கினார்கள்.

கலவையில் மதுசாரமும் சேர்ப்பதென்றால் அதற்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? பக்கத்தில்தான். திக்கம் வடிசாலையில் பனங்கள்ளை வடித்தால் வருவது எதனோல். கஞ்ஞார் டி லா தூர் துப்பாக்கிக் குழாய்க்குள் விட்ட அதே பொருள். சாதாரண வடிப்பில் அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் நீர் எப்படியும் நின்றுவிடும். அந்த நீர் இருந்தால் டீசலோடு கலந்து வைக்கும்போது பிரிந்து நிற்கும். தேங்காயெண்ணெய் எஸ்ரரைச் சேர்த்தால் அந்தப் பிரிவு குறையும். எதனோலுக்குத் தானாகப் பற்றும் தன்மை மிகக் குறைவு. தேங்காயெண்ணெய் எஸ்ரருக்கு அது அதிகம். ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்கிறது. பனையும் தென்னையும் ஒரே வேலியில் நிற்கும் ஊர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நம்பிக்கை வேறு, அளவு வேறு. அளந்து சொல்வது எப்படி என்பதற்குக் கடலுக்கு அக்கரையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.ரி.யில் செந்தில்குமார், ரமேஷ், நாகலிங்கம் ஆகிய மூவர், காட்டாமணக்கு எண்ணெயையும் மெதனோலையும் டீசல் எஞ்சினில் எந்தெந்த வழியில் சேர்க்கலாம் என்று ஒப்பிட்டு 2003 இல் வெளியிட்டார்கள். வெறும் காட்டாமணக்கு எண்ணெயில் எஞ்சினின் வெப்பத்திறன் 27.4 வீதம். எஸ்ரராக மாற்றினால் 29 வீதம். மெதனோலைக் காற்றோடு தனியே விட்டு இரட்டை எரிபொருளாக ஓட்டினால் 28.7 வீதம். புகை? வெறும் எண்ணெயில் 4.4 பொஷ் அலகு, எஸ்ரரில் 4, இரட்டை எரிபொருளில் 3.5. பாருங்கள், திறனில் முந்தியது ஒன்று, புகையில் முந்தியது இன்னொன்று. "நல்லாய் ஓடுது" என்ற ஒரு சொல்லுக்குள் இந்த வேறுபாடு அடங்குமா? அடங்காது. எங்கள் மெக்கானிக்மார் அவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் எங்களிடம் இன்று இல்லாதது இந்த இரண்டு வரி எண்கள்தான்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணிக் கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் பாய் விரித்துப் போனது. பத்திரிகைகள் எழுதின, படம் எடுத்தார்கள், இன்றைக்கும் நாங்கள் மார்தட்டிச் சொல்கிறோம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே கடற்கரைச் சாலையில், உலகத்திலேயே கடுமையான எரிபொருள் தட்டுப்பாடுகளில் ஒன்றுக்குள், மாதக்கணக்கில் டீசல் எஞ்சின்களைக் கலப்பு எண்ணெயில் உயிரோடு வைத்திருந்தவர்களின் வேலை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எந்தப் பங்கில் கலந்தார்கள்? எத்தனை மாதத்தில் பிளஞ்சர் தேய்ந்தது? எந்த எஞ்சின் தாங்கியது, எது தாங்கவில்லை? அந்த விடைகள் இன்று எழுபது வயது தாண்டிய சில கைகளில் இருக்கின்றன. இதுவே எனக்குப் பெரும் கவலை. இந்தச் சபைக்கு நான் கொண்டுவந்த கோரிக்கையும் இதுவே.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இங்கே வெளிக்கள நிலையத்தின் பெயர் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நானூறு பாகைக் குழாய் உயர்கல்வி ஆய்வுகூடத்தின் வேலை. பிசுக்குமை, அடர்த்தி, உறைநிலை, தேய்மானம், இவை பாடசாலை மாணவர்களே அளக்கக்கூடியவை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: அளந்து முடித்த எண்ணெயை நிலத்தில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே விட்டது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 இல் தீர்ப்பு வந்ததை மறக்கக்கூடாது.

ஐயாமாரே, உங்கள் கராஜின் மூலையில் அந்தக் காலத்துப் பிளஞ்சர் கிடக்கிறதா? கரி பிடித்த நொசில் கிடக்கிறதா? எறியாதீர்கள், பழைய இரும்புக்காரருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு சீட்டில் எழுதுங்கள்: எந்த வண்டி, எந்த ஆண்டு, எதோடு எதை எந்தப் பங்கில் கலந்தீர்கள், எப்பொழுது கழற்றினீர்கள். எழுத நேரமில்லையென்றால் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மாணவர்களே, நுணுக்குக்காட்டியின் கீழ் அந்தத் தேய்மானத்தை அளப்பது உங்கள் பொறுப்பு. அதே கலவையை மீண்டும் கலந்து, 40 பாகை நீர்த்தொட்டியில் நிறுத்தி, கண்ணாடிக் குழாயில் ஒழுகவிட்டு, நிறுத்தற் கடிகாரத்தில் செக்கனை எண்ணி, மூன்றுக்கு ஒன்று என்று நான் இங்கே கணித்துச் சொன்னது சரியா பிழையா என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.